நாழியும் கோலும்

அளவை என்னும் சொல் தமிழில் இருவேறு இடங்களில் வழங்குகின்றது. தருக்க நூலார், ஒரு பொருளின் உண்மையை உணர்தற்குக் கருவியாகிய காட்சி, கருதல், உரை முதலியவற்றை அளவை என்பர். உலகியலிலோ நெல்லை அளக்கும் மரக்காலும், பொன்னை நிறுக்கும் கல்லும், நிலத்தை அளக்கும் கோலும் அளவை எனப்படும். இவை வேறு வேறு போலத் தோன்றினும் செய்யும் தொழில் ஒன்றே. ஐயம் நேர்ந்தவிடத்து, இருதிறத்தாரும் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு சான்றை நடுவே கொண்டுவந்து நிறுத்துவதே அளவையின் தொழில். களத்திலே குவிந்துள்ள நெல் எவ்வளவு என்று நிலமுடையானும் உழுதவனும் வழக்கிடும்போது மரக்கால் இடையே வந்து தீர்ப்புக் கூறுகின்றது. அந்த நடுவன் கோணினால் யாது நேரும் என்பதனையும் இப்பாடத்திற் காண்போம்.

நம் முன்னோர் அளத்தலை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்தினர். தேங்காயை எண்ணுகின்றோம். பொன்னை எடுக்கின்றோம், எடுத்தல் என்றது ஈண்டுத் துலாக்கோலில் தூக்கி நிறுத்தலை. நெல்லையும் நெய்யையும் முகக்கின்றோம். ஆடையையும் நிலத்தையும் நீட்டி அளக்கின்றோம். இந்நான்கனுள் எண்ணல் எல்லார்க்கும் எவ்விடத்தும் ஒன்றே. நூறு தேங்காய் மதுரையிலும் நூறு, காஞ்சியிலும் நூறு. ஏனைய மூன்றும் அத்தகையன அல்ல. ஒரு நாழி என்றால் எந்த நாழி என்றும், ஒரு கோல் என்றால் எத்தனை சாண் கோல் என்றும் கேட்டே மேற்செல்ல வேண்டும்.

அளவைப் பெயர்கள் தமிழில் எத்துணைப் பழமையானவை என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. அளவுக்கும் நிறைக்கும் உரிய பெயர்கள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துக்களையே முதலாக உடையன என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துள் கூறுகின்றார். உரையாசிரியர் அதற்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என ஒன்பது அளவைப் பெயர்களை எடுத்துக்காட்டுகின்றார். இவற்றுட் பல நம் அடுக்களைக் கலங்களின் பெயர்களே என்பதைக் கவனியுங்கள். சமைக்கும் பானையும் ஏற்றும் அகலும் ஒருகாலத்தில் அளக்குங் கருவிகளாகவும் இருந்தன. நிறைக்கு அவர் காட்டும் பெயர்களுள் கழஞ்சு, சீரகம், தொடி, பலம் என்பன சில. பனை என்பது ஓர் அளவின் பெயராகவும், கா என்பது ஒரு நிறையின் பெயராகவும் இருந்தமை அந்நூலால் தெரியவருகின்றது. மரமும் சோலையும் என்று மயங்கிவிடாதபடி அவற்றின் புணர்ச்சியைத் தனியே விதந்து கூறியுள்ளார் ஆசிரியர்.

புணர்ச்சி விதிகளுக்குள்ளே கணக்கு மறைந்து கிடத்தல் தமிழின் ஒரு சிறப்பு. நாழி என்னும் சொல்லின்முன் உரி என்னும் சொல் வந்தால் 'நாடுரி' என்றாகும். உரி என்பது அரை நாழி. ஆகவே நாடுரி என்ற ஒரு சொல்லே ஒன்றரை நாழி என்னும் தொகையைத் தருகின்றது. தூணியின்முன் பதக்கு வந்தால் தூணிப்பதக்கு என்றாகும். அது நான்கு குறுணியும் இரண்டு குறுணியும் கூடிய ஆறு குறுணி. முந்நாழி, நானாழி, ஐந்நாழி, எண்ணாழி என்பவற்றையும் இவ்வாறே பிரித்துக் காண்க. இலக்கணம் கற்பவன் கணக்கை விட்டுவிட இயலாது என்பது இதனாற் புலப்படும்.

இனி முகத்தல் அளவையைப் பார்ப்போம். கணக்கதிகாரம் போன்ற பழைய கணக்கு நூல்களும், திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்ட நெல்லிலக்கச் சுவடியும் நெல்மணியிலிருந்தே தொடங்குகின்றன. 360 நெல் கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. நாழியே பிற்காலத்தில் படி என வழங்கிற்று. எட்டு நாழி ஒரு குறுணி. குறுணிக்கு மரக்கால் என்பதும் பெயர். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஆகவே ஒரு கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். அதாவது 96 நாழி.

இவ்வாய்பாட்டை உற்று நோக்கினால் ஓர் அழகு தோன்றும். ஆழாக்கு முதல் நாழி வரை ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டி. எட்டு ஆழாக்கு ஒரு நாழி; எட்டு நாழி ஒரு குறுணி. இரட்டிப்பதும் பாதியாக்குவதும் எழுத்தறியாதவரும் செய்யக்கூடிய செயல்கள். ஒரு குவியலை இரண்டு சமபாகமாகப் பிரித்துவிட்டால் அளவு தானே அமைந்துவிடும். பத்துப்பத்தாகப் பிரிப்பது தாளில் எளிது. களத்துமேட்டில் பாதி பாதியாகப் பிரிப்பதே எளிது. பழைய அளவைகள் ஒழுங்கற்றவை என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்த்ததில்லை என்றே கருதுகிறேன்.

ஓர் அளவை மற்றோர் அளவையாக மாற்றும் முறை எளிது. பெரியதைச் சிறியதாக்கப் பெருக்குக. சிறியதைப் பெரியதாக்க வகுக்க. கோயில்களில் நந்தாவிளக்கு எரிப்பதற்குச் சோழர் காலத்தில் ஆடுகளை நிவந்தமாக விடுவது வழக்கம். ஒரு விளக்கிற்கு 96 ஆடு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆண்டுக்கு அளக்கும் நெய் எவ்வளவு? 365 நாளைக்கு 365 உழக்கு. நான்கு உழக்கு ஒரு நாழியாதலின் நான்கால் வகுக்க, 91 நாழியும் ஓர் உழக்கும் வரும். 91 நாழியை எட்டால் வகுக்க, 11 குறுணியும் மூன்று நாழியும் ஆகும். 11 குறுணி என்பது இரண்டு தூணியும் ஒரு பதக்கும் ஒரு குறுணியும். எனவே ஓராண்டு நெய், இருதூணி, பதக்கு, குறுணி, முந்நாழி, உழக்கு. ஒரு கலத்திற்கு இன்னும் ஐந்து நாழிக்குச் சற்றே குறைவு. நாளுக்கு ஓர் உழக்கு என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும் அளவு, ஆண்டு முடிவில் ஏறத்தாழ ஒரு கலமாகத் திரண்டுவிடுவதை நோக்குக.

வாய்பாட்டில் எண்கள் பொருந்திவிட்டால் மட்டும் போதுமா? நெல்மணியைக் கொண்டே அதைச் சோதித்துப் பார்க்கலாம். மேற்கூறிய கணக்கின்படி ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்திற்கோ 13,82,400 நெல். இன்று உழவுத்துறையினர் ஆயிரம் நெல்லின் எடையைக் கொண்டு நெல்வகைகளை ஒப்பிடுகின்றனர். பெரும்பாலான வகைகளுக்கு அது 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். அப்படியாயின் 14,400 நெல்லின் எடை 288 கிராம் முதல் 360 கிராம் வரையே ஆகும். நம் தந்தையர் காலத்துப் படி ஒரு லிட்டருக்கு மேற்பட்டது. அதில் அரைக் கிலோகிராமுக்கு மேலாகவே நெல் கொள்ளும். எனவே வாய்பாடு கூறும் நாழியும் பிற்காலப் படியும் ஒரே கொள்ளளவு உடையன அல்ல என்பது தெளிவு. வாய்பாடு நிலைத்தது, கலம் மாறிற்று. பழைய நூலில் நாழி என்று வருமிடமெல்லாம் இன்றைய லிட்டர்க் கணக்கை இட்டு நிரப்புவோர் இங்கேதான் வழுக்குகின்றனர். உங்கள் வீட்டுப் பரணில் பித்தளைப் படியோ இரும்புப் படியோ கிடந்தால், அதில் நீர் நிரப்பி லிட்டர்க் குவளையால் அளந்து பாருங்கள். அயல்வீட்டுப் படியையும் அவ்வாறே அளந்து பார்த்தால் இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பது விளங்கும்.

படி ஒன்றாயினும் அளப்பவன் கை வேறு. நெல்லைப் படியின் வாய்மட்டத்தோடு வழித்துவிட்டு அளப்பது ஒருமுறை. கூம்பாகக் குவித்து அளப்பது மற்றொரு முறை. கலத்தைத் தட்டிக் குலுக்கி அளந்தால் மிகுதியாகக் கொள்ளும். மெல்லச் சொரிந்து அளந்தால் குறைவாகக் கொள்ளும். இவ்வேறுபாடுகளை எல்லாம் அறிந்தே பழைய ஆவணங்கள் எழுதப்பட்டன. தஞ்சைப் பெரியகோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அக்கோயிற் கல்வெட்டுக்களில் நெல் அளந்த மரக்காலுக்குப் பெயரே உண்டு. 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்றும், அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். இறைவன் திருப்பெயரை அளவைக்கு இட்டதில் பக்தியோடு ஒரு பாதுகாப்பும் இருந்தது. அப்பெயருடைய கருவியைத் திருத்தத் துணிபவன் யார்? மேலும், ஓர் அணிகலனை நிறுக்கும்போது அதனைக் கோத்த சரட்டையும் செப்பு ஆணியையும் நீக்கி நிறுத்தனரா, உள்ளிருக்கும் அரக்கையும் சேர்த்து நிறுத்தனரா என்பதையும் பிரித்து எழுதினர். சந்திரரும் சூரியரும் உள்ளளவும் நடக்க வேண்டிய அறத்திற்கு அத்தனை நுணுக்கம் வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

கோயிற் பண்டாரத்தில் இருந்த இந்நுணுக்கம் எல்லாக் களத்துமேடுகளிலும் இருந்ததில்லை. கூலியை நெல்லாக அளந்த காலம் நெடியது. அக்காலத்தில் குத்தகை நெல்லை வாங்குவதற்கு ஒரு மரக்காலும், கூலி கொடுப்பதற்கு அதனினும் சிறிய வேறொரு மரக்காலும் வைத்திருந்த இடங்கள் உண்டு. அதனைக் கள்ள மரக்கால் என்பர். குறைவு எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்று நினையாதீர்கள். நாளைக்கு ஒரு மரக்கால் நெல் கூலி பெறும் ஒருவனுக்கு, எட்டு நாழி கொள்ள வேண்டிய மரக்கால் ஏழு நாழியும் உரியுமே கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஓர் உரி குறைகின்றது. ஓர் உரி என்பது மரக்காலில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது வீசம். பதினாறு நாள் உழைத்தவனுக்குப் பதினைந்து நாட்கூலியே கிடைக்கும். நானூறு நாள் வேலையில் இருபத்தைந்து மரக்கால் நெல், அதாவது இரண்டு கலத்திற்கும் ஒரு மரக்கால் மிகுதியான நெல், அவன் வீட்டுக்கு வாராமலே போய்விடும். அவன் குழந்தைகள் எத்தனை நாள் உண்ணும் நெல் அது என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். 1940-களில் தஞ்சை மாவட்டத்து உழவுத் தொழிலாளர் நடத்திய போராட்டங்களில், அரசு முத்திரையிட்ட மரக்காலாலேயே கூலி அளக்கவேண்டும் என்பது ஒரு கோரிக்கையாக எழுந்தது. முத்திரை மரக்கால், முத்திரைப் படி என்னும் சொற்கள் பிறந்தது, கலத்தின்மேல் இட்ட அந்த முத்திரையால்.

களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'இலாபம்' என்று சொல்லி, அடுத்ததை 'இரண்டு' என எண்ணுவர். இளமையில் இதனைக் கேட்டு, ஒன்று எங்கே போயிற்று என்று நான் பலமுறை திகைத்ததுண்டு.

நிறுத்தல் அளவைக்கும் விதைகளே அடிப்படை. நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆகவே கழஞ்சு என்பது 40 குன்றிமணி. அதாவது 160 நெல்லெடை. நெல்லின் எடையை 25 மில்லிகிராம் எனக் கொண்டால் குன்றிமணி 100 மில்லிகிராமும், மஞ்சாடி 200 மில்லிகிராமும், கழஞ்சு 4 கிராமும் வரும். உண்மைக் குன்றிமணியையும் மஞ்சாடி விதையையும் நுண்தராசில் இட்டுப் பார்த்தால் இவற்றினும் சற்று மிகுதியாகவே இருக்கும். ஆயினும் மஞ்சாடி குன்றிமணியின் இரட்டி என்னும் விகிதம் பெரும்பாலும் பொருந்தி வரும். நாழியின் நெற்கணக்கைப் போலன்றி இது இயற்கையோடு நெருங்கி நிற்கின்றது. பொற்கொல்லன் பட்டடையில் விதையைத் தட்டில் வைத்தே நிறுத்தனர் என்பதே இதற்குக் காரணமாகலாம். செவிட்டுக்கு 360 நெல்லை எண்ணிப் போட்டு அளந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

கடைச்சரக்குகளுக்குப் பலமும் வீசையும் மணங்கும் பயன்பட்டன. மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர், அஃதாவது நாற்பது பலம், ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு பாரம். இன்றைய கணக்கில் பலம் 35 கிராம். சேர் 280 கிராம். வீசை 1 கிலோ 400 கிராம். மணங்கு 11 கிலோ 200 கிராம். பாரம் 224 கிலோ. ஐந்து வீசை ஏழு கிலோ என்று நினைவிற் கொண்டால் மாற்றுதல் எளிது. 3 மணங்கு, 5 வீசை, 16 பலம் புளி எத்தனை கிலோ? மூன்று மணங்கு 24 வீசை; அதனோடு 5 கூட்ட 29 வீசை. அதை 40-ஆல் பெருக்க 1,160 பலம். 16 கூட்ட 1,176 பலம். 35-ஆல் பெருக்க 41,160 கிராம். அதாவது 41 கிலோ 160 கிராம். இனித் திருப்பிப் பாருங்கள். 50 கிலோ மூட்டையை 35 கிராமால் வகுக்க 1,428 பலமும் மிச்சம் 20 கிராமும் வரும். 1,428 பலம், 35 வீசையும் 28 பலமும். 35 வீசை, 4 மணங்கும் 3 வீசையும். ஆகவே விடை 4 மணங்கு, 3 வீசை, 28 பலம். மேலும் 20 கிராம்.

இந்தியா முழுமைக்கும் ஒரே அளவை வேண்டும் என்று 1956-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்பிரல் 1-இல் ரூபாய் நூறு பைசாவாயிற்று. அதுவரை அது பதினாறு அணா. அணா என்பது ரூபாயில் வீசம். 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் முதலிய மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கிலோகிராமுக்கும் ஓர் 'ஆடவல்லான் கல்' இருந்தது. பாரிசு நகரை அடுத்த செவரே என்னும் ஊரில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த உருளை ஒன்றை, 1889 முதல் உலகிற்கெல்லாம் கிலோகிராமின் மூலமாக வைத்துப் போற்றினர். அதனோடு ஒப்பிட்ட படிகளின் நிறை காலப்போக்கில் மிகமிகச் சிறிதளவு வேறுபட்டமை கண்டு, 2019 மே 20 முதல் அவ்வுருளையை விட்டு, இயற்கையில் மாறாத ஓர் எண்ணைக் கொண்டே கிலோகிராமை வரையறுக்கின்றனர். மீட்டரும் அவ்வாறே, ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்திற் செல்லும் தொலைவே மீட்டர் என 1983-இல் வகுத்தனர்.

நீட்டல் அளவைக்கு நம் முன்னோர் உடம்பையே கருவியாகக் கொண்டனர். எட்டு நெல்லை அகலவாட்டில் அடுக்கினால் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு கோல். 500 கோல் ஒரு கூப்பீடு. நான்கு கூப்பீடு ஒரு காதம். கூப்பீடு என்பது கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. முழத்தை 45 சென்டிமீட்டர் எனக் கொண்டால் கோல் 1.8 மீட்டர், கூப்பீடு 900 மீட்டர், காதம் 3.6 கிலோமீட்டர். ஆயினும் வழக்கில் காதத்தை ஏழு மைல் என்பாரும் பத்து மைல் என்பாரும் உளர்.

உடம்பை அளவாகக் கொண்டால் யாருடைய உடம்பு என்னும் வினா எழும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடரங்கு அமைத்த முறை கூறப்படுகின்றது. அரங்கை அளக்கும் கோல் இருபத்துநான்கு விரல் நீளமுடையது. அரங்கின் அகலம் ஏழு கோல். நீளம் எட்டுக் கோல். உயரம் ஒரு கோல். பெருவிரலின் அகலத்தை 2 சென்டிமீட்டர் எனக் கொண்டால் கோல் 48 சென்டிமீட்டர், அரங்கு 3.36 மீட்டர் அகலமும் 3.84 மீட்டர் நீளமும் உடையதாகும். பரப்பு ஏறத்தாழ 13 சதுர மீட்டர். விரலை இரண்டரைச் சென்டிமீட்டர் எனக் கொண்டாலோ கோல் 60 சென்டிமீட்டர், அரங்கு 4.2 மீட்டரும் 4.8 மீட்டரும், பரப்பு 20 சதுர மீட்டருக்கு மேல். விரலில் அரைச் சென்டிமீட்டர் வேறுபாடு, அரங்கின் பரப்பை ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கிவிட்டது. நீளத்தில் உள்ள பிழை பரப்பில் இருமுறை பெருகும் என்னும் இவ்வுண்மை நிலக்கணக்கிற்கு இன்றியமையாதது.

கோல் ஒன்றை நீளமாகவும் அகலமாகவும் உடைய சதுரம் ஒரு குழி. தஞ்சைப் பகுதியில் நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மா என்பது இருபதில் ஒன்று என்னும் பின்னத்தின் பெயரும் ஆகும். காணி என்பது எண்பதில் ஒன்று. ஆகவே ஒரு வேலியில் மாவும் காணியும் எத்தனை என்பதைப் பெயரே சொல்லிவிடும். காணிக்கும் கீழே முந்திரி உண்டு. அது 320-இல் ஒன்று. முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றும், அதனையும் அவ்வாறே கூறுசெய்தும் கணக்கர் மேன்மேலும் சென்றனர். இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுக்களில் வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நிலக்கணக்கு எழுதப்பட்டிருப்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். அது எவ்வளவு நிலம்? வேலியை 2,88,000 சதுர அடி எனக் கொண்டால், அப்பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஓர் எள் கிடக்கும் இடத்தினும் சிறியது. கோலைக்கொண்டு அத்தனை நுட்பமாக யாரும் அளந்திருக்க இயலாது. ஊர் நிலத்தினின்று குளம், கோயில், குடியிருப்பு முதலியவற்றைக் கழித்து வகுத்தபோது வந்த மிச்சத்தைக் கணக்கர் விடாமல் எழுதினர் என்பதே பொருந்தும். இஃது அளந்தவரின் பெருமையன்று, கணக்கெழுதியவரின் பெருமை.

கோல்களோ பல. பன்னிருசாண் கோலும் பதினாறுசாண் கோலும் கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றன. கோயிற் சுவரிலும் அடித்தளத்திலும் கோலின் நீளத்தை வெட்டி வைத்த இடங்கள் இன்றும் உள்ளன. ஐயம் உண்டாயின் கயிற்றை அங்கே வைத்து ஒத்துப் பார்க்கலாம். இராசராசன் காலத்தில் 1001-ஐ ஒட்டியும், முதற் குலோத்துங்கன் காலத்தில் 1086-இலும் நாடு முழுமையும் நிலம் அளக்கப்பட்டது. அதே 1086-இல் இங்கிலாந்திலும் மன்னன் ஆணையால் நிலக்கணக்கு எடுக்கப்பட்டமை வியத்தற்குரியது.

சாணை ஒன்பது அங்குலம் எனக் கொண்டால் பதினாறுசாண் கோல் 12 அடி. குழி 144 சதுர அடி. பன்னிருசாண் கோல் 9 அடி. குழி 81 சதுர அடி. கோல்கள் நான்குக்கு மூன்றாக இருக்க, குழிகள் பதினாறுக்கு ஒன்பதாக ஆகிவிட்டன. பெரிய கோலால் நூறு குழியாக இருந்த ஒருவன் நிலத்தைச் சிறிய கோலால் அளந்தால் 177 குழியும் ஒரு குழியில் ஒன்பதில் ஏழு பங்கும் வரும். நிலம் ஒரு சாணும் வளரவில்லை. குழிக்கு இவ்வளவு என்று வரி விதித்திருந்தால், வரிமட்டும் ஏறத்தாழ முக்கால் பங்கிற்கு மேல் ஏறிவிடும். கோலை மாற்றாமல் வரியை ஏற்றினால் குடிகள் உடனே அறிவர். கோலைக் குறைத்தால் அறிவது அரிது.

பிற்காலத்தும் இவ்வேறுபாடு ஒழியவில்லை. தஞ்சையில் 12 அடிக் கோலும், செங்கற்பட்டுப் பகுதியில் 24 அடிக் கோலும் வழங்கின. 24 அடிச் சதுரக் குழி 576 சதுர அடி. அக்குழி நூறு கொண்டது ஒரு காணி. அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். அக்காணியில் இருபத்துநான்கில் ஒரு பங்கே மனை. 2,400 சதுர அடி. சென்னையில் இன்றும் வீட்டுநிலம் விற்போர் கிரவுண்டு என்று சொல்வது இம்மனையையே.

பழைய ஆவணம் ஒன்றில் நிலம் 340 குழி என்று இருக்கக் கண்டால் உடனே ஏக்கராக மாற்ற முற்படாதீர்கள். 12 அடிக் கோலாயின் அது 48,960 சதுர அடி. ஓர் ஏக்கரும் ஏறத்தாழ 12 சென்டும். 24 அடிக் கோலாயின் 1,95,840 சதுர அடி. நான்கு ஏக்கரும் ஏறத்தாழ ஐம்பது சென்டும். குழியின் எண்ணிக்கை ஒன்றே. நிலம் நான்கு மடங்கு. இதனாலன்றோ பழங் கல்வெட்டுக்களை எழுதினோர், இத்தனை குழி என்பதற்கு முன்னே, இத்தனை சாண் கோலால் அளந்தது என்று பொறித்து வைத்தனர்.